ஒரு ரிங் வந்தால் ஓடுகிறது

இணையதளத்துக்குக் கொசுவலை கட்டிய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவரிடம் நான் வேலை பார்த்திருக்கிறேன். பெருமையாகச் சொல்லிக்கொள்ள என்னிடம் வேறு எதுவும் இல்லாததால் இதைச் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள். பெங்களூர் நீலசந்திராவில் ஒரு மாடி அறை. அறையில் ஒரு கட்டில், கட்டிலுக்குக் கொசுவலை, வலைக்குள் ஒரு கம்ப்யூட்டர். அவர் தரையில் பாய் போட்டுப் படுப்பார், கொசுக்கடியோடு. அந்தப் பெட்டிக்குள்தான் அவருடைய கடை இருந்தது. அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகள் இணையத்தில் ஆர்டர் கொடுப்பார்கள். பெங்களூரில் இருக்கும் பெற்றோர் வீட்டுக்கு நாங்கள் பூவும் பழமும் இனிப்பும் கொண்டுபோய்க் கொடுப்போம். மற்றவர்கள் இணையதளத்தை எங்கோ ஒரு கம்பெனியில் வாடகைக்கு வைப்பார்கள். இவர் மாட்டார். “கண்ணுக்குத் தெரியாத எடத்துல புள்ளைய விடுவாங்களா?” என்பார்.

ஒருமுறை பல்லி ஒன்று பெட்டியின் பின்பக்கம் வழியாக உள்ளே போய்க் கருகியது. கடை ஒரு பகல் முழுக்கத் திறக்கவில்லை. கொசுவலை வந்தது அதற்குப் பிறகுதான்.

காலையில் எழுந்ததும் வலைக்குள் கையை விட்டு, பெட்டியின் மேல் இரண்டு விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். உள்ளே விசிறி சுற்றும் அதிர்வு விரலில் தெரியும். “ஓடுது” என்பார். அப்புறம்தான் பல் தேய்ப்பார். இதை ஜன்னல் வழியாகப் பார்த்த யாரோ அவருக்கு நாடி சார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். உண்மையான பெயர் வீட்டு ஓனரம்மாவுக்கே தெரியாது.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தபோது என் தகுதிகள் இவை: ஒன்பதாம் வகுப்பில் பாதி, ஆம்பூரில் தோல் உலர்த்தியது, லாரியில் கிளீனர், ஆனேக்கல்லில் செங்கல் சூளை. எங்கேயும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தங்கியதில்லை. இதைக் கேட்டதும் மற்ற முதலாளிகள் வாசலைக் காட்டுவார்கள். நாடி சாருக்கு முகம் மலர்ந்தது.

“ஊரு சுத்துவியா?”

“அது ஒண்ணுதான் சார் ஒழுங்கா வரும்.”

“அப்ப அதான்பா உன் வேலை.”

பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தால் கடை எப்போதும் திறந்துதான் தெரியும். வெளியில் இருப்பவனுக்குத் திறக்கிறதா என்பதை வெளியில் போய்த்தான் பார்க்க வேண்டும். அதனால் நான் பஸ் பிடித்து சிவாஜிநகர், ஜெயநகர், வைட்ஃபீல்ட் என்று போவேன். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எங்கள் கடையைத் திறந்து பார்ப்பேன். பிறகு காயின் போனிலிருந்து அவரைக் கூப்பிடுவேன். ஒரு ரிங் விட்டு வைத்தால் கடை ஓடுகிறது. இரண்டு ரிங் என்றால் விழுந்துவிட்டது. மூன்றாவது ரிங்கும் வந்தால் அது நானில்லை, வேறு யாரோ மனிதர்; அப்போதுதான் எடுப்பார். இன்று இந்த வேலையை ஏதோ மென்பொருள் செய்கிறதாம். அது வருவதற்கு முன்பே, அதைவிட மோசமாக அதைச் செய்தவன் நான்.

சுற்றாத நேரத்தில் மாவு சுமந்தேன். ஓனரம்மா வீட்டில் கிரைண்டர் போட்டால் கட்டடம் முழுக்க விளக்கு மங்கும். எங்கள் யுபிஎஸ் குழந்தை மாதிரி வீறிடும். நாடி சார் சண்டை போடவில்லை. கட்டடத்தில் இருந்த எல்லா வீடுகளுக்கும் தினமும் மாவுக் கடையில் ஆட்டிய இட்லி மாவை இலவசமாக அனுப்பிவைத்தார். யாரும் கிரைண்டரைத் தொடக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை.

“ஏன் சார், நாம நடத்தறது கம்ப்யூட்டர் கம்பெனியா, மாவுக் கம்பெனியா?”

“மாவு ஒழுங்கா போனாதான்பா கம்ப்யூட்டர் ஒழுங்கா ஓடும்.”

கன்னடக்காரரான ஓனரம்மா தூக்குவாளியைத் திறந்து முகர்ந்து பார்ப்பார். “ஏன்ரீ, நேத்து தோசை சிவக்கவே இல்ல. வெந்தயம் கொஞ்சம் ஜாஸ்தி போடச் சொல்லுங்க.” சொல்லி அனுப்புவோம். இணையதளம் நடத்துவதென்றால் இதெல்லாம் இருக்கும் போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடங்களில் பெங்களூரில் தோண்டாத ரோடு கிடையாது. தெருவில் கடப்பாரைச் சத்தம் கேட்டால், மண்ணுக்கடியில் போகும் எங்கள் இணைப்புக் கம்பி அறுந்துவிடுமே என்று நாடி சார் டீ ஃபிளாஸ்க்கோடு ஓடுவார். குழிக்குள் நின்ற மேஸ்திரியிடம், “அண்ணே, இங்க மட்டும் மெதுவா போடுங்க. கீழ என் கடை போகுது” என்றார் ஒருநாள்.

“என்னா கடை?”

“பூக்கடை.”

மேஸ்திரி நன்றாகக் குனிந்து பார்த்தார். “மண்ணுதான் சார் இருக்குது” என்றார் வருத்தத்தோடு. ஆனாலும் டீக்கு மரியாதை கொடுத்து, அந்த இடத்தைக் கையால் தோண்டச் சொன்னார்.

இவ்வளவு காவல் காத்தும் கடை தள்ளாடிக்கொண்டுதான் இருந்தது. ஓசூரில் தாய்வீட்டில் இருந்த மனைவிக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார்: வருகிற வரமகாலட்சுமிப் பண்டிகைக்கும் ஆர்டர் வரவில்லையென்றால், கடையை மூடிவிட்டு மச்சானுடைய பெயிண்ட் கடையில் உட்கார்ந்துவிடுவது. பெங்களூரில் அந்தப் பண்டிகைக்கு விற்காத பூ வேறு எந்த நாளும் விற்காது.

பண்டிகை வெள்ளிக்கிழமை. புதன்கிழமை காலையிலிருந்து ஒரு ஆர்டர்கூட இல்லை. நான் வழக்கமான சென்டர்களுக்கெல்லாம் போனேன். எல்லா இடத்திலும் கடை திறந்தது. எல்லா இடத்திலிருந்தும் ஒரு ரிங் கொடுத்துவிட்டு மதியம் திரும்பி வந்தேன். அவர் பாயில் உட்கார்ந்திருந்தார்.

“எல்லா எடத்துலயும் திறந்துச்சா?”

“பளிச்சுனு திறந்துச்சு சார். தட்டறதுக்குள்ள வந்து நிக்குது.”

சாதாரணமாக எங்கள் கடை திறப்பதற்குள் ஒரு டீ குடித்து முடித்துவிடலாம். அன்றைக்கு மட்டும் ஏன் இந்த வேகம் என்று ஒன்பதாம் வகுப்பை முழுசாகப் படித்தவனாவது யோசித்திருப்பான்.

“அப்ப கடை நல்லாத்தான் இருக்குது. வர்றதுக்குத்தான் ஆளில்ல” என்றார் அவர்.

எழுந்து கீழே போனார். நானும் பின்னால் போனேன். “அம்மா, நாளையிலேருந்து நீங்களே கிரைண்டர் போட்டுக்குங்க” என்றார்.

ஓனரம்மா பதறிப்போனார். “ஏன்ரீ, வெந்தயம் கேட்டதுக்குக் கோவமா?”

“இல்லம்மா. கடையை மூடறேன்.”

ஓனரம்மா மூலையில் இருந்த கிரைண்டரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். “மெதுவா போட்டுக்கறேன், அவசரமில்ல” என்றார்.

மேலே வந்தோம். போன் அடித்தது. ஒரு ரிங். பழக்கதோஷத்தில் “ஓடுது” என்றார். இரண்டாவது ரிங். திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். நான் எதிரில்தான் நிற்கிறேன். மூன்றாவது ரிங்கில் எடுத்தார். சிங்கப்பூரிலிருந்து ஒரு பெண். அந்தப் பெண் பேசியது எனக்கே கேட்டது.

“காலையிலேருந்து உங்க சைட் திறக்கவே மாட்டேங்குது சார். என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் டிரை பண்ணிட்டாங்க. அம்மாவுக்குப் பூ அனுப்பணும். கடையை மூடிட்டீங்களா?”

“திறக்கலையா?”

“இல்லங்கறேன்.”

“சுத்தமா திறக்கலையா? யாருக்குமே?”

“யாருக்குமே திறக்கல சார்.”

“ரொம்ப சந்தோஷம்மா” என்றார் நாடி சார். “சார்?” என்றது மறுமுனை.

அந்தப் பெண்ணின் ஆர்டரைக் கையிலேயே எழுதிக்கொண்டு போனை வைத்தார். “விழுந்துடுச்சுப்பா, நம்ம கடை விழுந்துடுச்சு” என்று என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார். கடை விழக்கூடாது என்று தரையில் படுத்தவர், அது விழுந்ததற்காகச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். படியில் இறங்கி ஓடும்போதே கத்தினார்: “அம்மா, கிரைண்டரைத் தொடாதீங்க.”

நடந்தது பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஒருமுறை பார்த்த பக்கத்தைப் பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டர் தன்னிடமே எடுத்து வைத்துக்கொள்ளும். நான் எப்போதும் அதே சென்டர்களில் அதே பக்கத்தைத் திறந்ததால், அசல் கடை கிடைக்காத அன்று அது நேற்றைய கடையை எடுத்து எனக்குக் காட்டியிருக்கிறது. நான் பாடம் செய்து வைத்த புலியைப் பார்த்துவிட்டு, புலி நலம் என்று சொல்லி வந்திருக்கிறேன். கோளாறு எங்கள் தெருவிலேயே இல்லை. இணைப்பு கொடுத்த கம்பெனியில் இருந்தது. அங்கே டீ வாங்கிக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

நாடி சார் அந்தக் கம்பெனியில் போய், சரிசெய்கிற வரைக்கும் நகராமல் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் கடை எழுந்தது. வியாழன் முழுக்க நான் தாமரையும் தாழம்பூவுமாக மொபெட்டில் ஊரைச் சுற்றினேன். பெயிண்ட் கடை அடுத்த பண்டிகைக்குத் தள்ளிப்போனது. அப்படியே வருடா வருடம் தள்ளிப்போனது. என்னை அவர் திட்டவில்லை. “மிஷினே பொய் சொல்லுது, நீ என்னா பண்ணுவ” என்றார்.

சில மாதம் கழித்து, வழக்கம்போல் காரணமில்லாமல் நான் கிளம்பினேன். அவர் கேட்டது ஒன்றுதான்: “போற ஊருலேருந்து ஒரு ரிங் குடு.”

கொடுத்தேன். செல்போன் வந்த பிறகும் எந்த ஊரில் இறங்கினாலும் ஒரு ரிங். சற்று நேரத்தில் அங்கிருந்தும் ஒரு ரிங் வரும். பேசிக்கொள்வதில்லை.

ஹூப்ளியில் மஞ்சள் காமாலையோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்துக் கட்டில்காரரிடம் இரவல் வாங்கிய போனிலிருந்து இரண்டு ரிங் விட்டேன். விளையாட்டுக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் அந்த எண்ணுக்கே திருப்பிப் பேசி, அந்த மனிதரிடம் விவரம் கேட்டிருக்கிறார். மறுநாள் காலை கண் விழித்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். என் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துக் கண்ணை மூடியிருந்தார்.

“ஓடுது” என்றார்.