குள்ள மேடத்துக்கு வைத்த சீட்

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். அந்த ஒரு அங்குலம் செருப்பின் உபயம். சர்ச் வாசலில் எடுத்த கல்யாண போட்டோவில் என் மனைவி ஸ்டெல்லாவைவிட நான் உயரமாகத் தெரிவேன். என் காலடியில் சோடாப் பெட்டி இருந்தது போட்டோவில் விழவில்லை. அதற்கப்புறம் இருபது வருஷமாக எங்கள் வீட்டில் உயரத்தைப் பற்றி யாரும் பேசியதில்லை. (நல்ல மனுஷி, பாவம்.)

போன வருஷம் பழைய கார் ஒன்று வாங்கினேன். ஸ்டீயரிங்குக்கு மேலே வானம் தெரிந்தது, ரோடு தெரியவில்லை. முதல் நாளே வாட்ச்மேன் ஓடி வந்து, "நீங்கதானா சார்? ஆளே இல்லாம வண்டி வருதுன்னு பயந்துட்டேன்" என்றார். சீட்டை உயர்த்தியே ஆகவேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

மேற்கு தாம்பரத்தில் சீட் வேலை செய்யும் மணியண்ணாவிடம் போனேன். "யாரு சார் ஓட்டப் போறது?" என்று கேட்டார். நான்தான் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? வாய் வரவில்லை.

"மேடம் ஓட்டுவாங்க. கொஞ்சம் குள்ளம்."

"எவ்ளோ இருப்பாங்க சார்?"

என் தோளைத் தொட்டுக் காட்டினேன். பொய் என்று ஆனபிறகு அதில் என்ன கஞ்சத்தனம்?

மணியண்ணா தொழில் தெரிந்தவர். அடியில் இரும்புச் சட்டம், மேலே நாலு விரல் ஃபோம், போதாததற்கு முன்னாலும் தள்ளிவைத்து, உலகத்தில் இல்லாத அந்தப் பெண்மணிக்குக் கச்சிதமாகச் செய்து கொடுத்துவிட்டார். நான் ஏறி உட்கார்ந்தால் தலை கூரையில் உரசியது, தொப்பை ஹாரனை அழுத்தியது. வீடு இருக்கும் ஊரப்பாக்கம் வரை ஜி.எஸ்.டி. ரோடே எனக்கு வழி விட்டது. வீட்டில், முதுகுவலிக்கு டாக்டர் சொன்ன சீட் என்று இன்னொரு பொய் சொன்னேன்.

"இதுல உட்கார்ந்தா புதுசா கழுத்துவலி வரும்" என்று சனிக்கிழமை ஸ்டெல்லாவே என்னைக் கடைக்கு இழுத்துப் போனாள். அவள் பள்ளிக்கூட டீச்சர். எனக்கு மறுத்துப் பேசிப் பழக்கமில்லை.

மணியண்ணா அவளைப் பார்த்தார். என் காதருகே குனிந்தார். (அவர் ரகசியம் பேசினால் தெருமுனைக்குக் கேட்கும்.)

"இன்னா சார், அந்தக் குள்ள மேடம் வரலியா? அவங்களுக்குத்தானே சீட்ட தூக்கி வெச்சேன்?"

கடைக்குள் தையல் மெஷின் நின்றது.

"எந்தக் குள்ள மேடம்?" என்றாள் ஸ்டெல்லா. குரல் உயரவில்லை.

இருந்தது இரண்டே வழி. குள்ளன் என்று ஒப்புக்கொள்ளலாம், அல்லது குடும்பத்தை இழக்கலாம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் யோசித்தேன். அந்த யோசனையைப் பார்த்து அவள் கண் கலங்கிவிட்டது.

"இருபது வருஷத்துல எனக்காக இப்படிப் பார்த்துப் பார்த்து ஏதாவது செஞ்சிருக்கீங்களா?"

"நான்தான் ஸ்டெல்லா" என்றேன். "அந்தக் குள்ள மேடம் நான்தான்."

மணியண்ணா டேப்பை எடுத்தார். என்னை உட்காரவைத்து அளந்தார். "மொதல்லயே சொல்லியிருந்தா ரெண்டு இன்ச்சுல முடிஞ்சிருக்கும் சார்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்த ஸ்டெல்லா, வண்டலூர் தாண்டியும் நிறுத்தவில்லை.

இப்போது சீட் சரியாக இருக்கிறது. குள்ள மேடம் என்பது வீட்டில் என் பெயராகிவிட்டது. போன மாதம் தாம்பரம் சிக்னலில் மணியண்ணா பக்கத்தில் பைக்கை நிறுத்தி, பஸ்ஸில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி விசாரித்தார்.

"மேடத்துக்கு சீட்டு வசதியா கீதுங்களா சார்?"

நான் வாய் திறக்குமுன் பக்கத்து சீட்டிலிருந்து ஸ்டெல்லா எட்டிப் பார்த்தாள்.

"ரொம்ப வசதியா இருக்காம்ண்ணா. இப்ப ரோடு தெரியுதாம்."