கோபிக்குத் தோய வார்த்தேன்

ஒரு விஷயத்தைத் தொடாமல் சும்மா விடுவதற்கும் தனித் திறமை வேண்டும். எனக்கு அது பிறப்பிலேயே கிடையாது. ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மணிக்கூட்டைத் திறந்து நிறுத்தியிருக்கிறேன். நன்றாக வந்திருந்த சொதிக்கு, இறக்கும் நேரத்தில் இன்னும் கொஞ்சம் புளி விட்டு ஆறு பேரைப் பட்டினி போட்டிருக்கிறேன். ஆனால் கோபிக்கு நான் தோய வார்த்ததற்குப் பக்கத்தில் இவையெல்லாம் பிள்ளை விளையாட்டு. (தோய வார்ப்பது என்றால் தலையோடு ஊற்றிக் குளிப்பாட்டுவது. தமிழ்நாட்டு நண்பர்கள் ஒவ்வொரு முறையும் கேட்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.)

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சுவிஸில், ஓல்டன் என்ற ஊரில் என்னோடு அறையில் இருந்தவர்கள் எல்லாரும் முதியோர் இல்லத்திலோ சாமான் கிடங்கிலோ வேலை செய்தார்கள். எனக்கு மட்டும் ஊருக்கு வெளியே, காயம்பட்ட பறவைகளைப் பராமரிக்கும் சின்ன நிலையம் ஒன்றில் கூடு கழுவும் வேலை கிடைத்தது. அதை நடத்தியவர் ஃப்ரௌ ஏபி (ஃப்ரௌ என்றால் திருமதி) என்ற உயரமான அம்மா. பறவைகளோடு நாள் முழுக்கக் கதைப்பார். மனிதர்களுக்குத் தலையாட்டுவதோடு சரி.

கோபி அங்கே நிரந்தரவாசி. சிறகு முறிந்து, இனிப் பறக்க முடியாது என்று தங்கிவிட்ட மண்ணிற ஆந்தை. யாக்கோபு என்ற பெயரைச் செல்லமாகச் சுருக்கி ஃப்ரௌ ஏபி வைத்த பெயர், என் வாயில் கோபி ஆகிவிட்டது.

கோபி குளிப்பதை நான் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்திருக்கிறேன். பூச்சாடிக்குக் கீழே வைக்கும் தட்டு மாதிரி அகலமான, ஆழமில்லாத பாத்திரத்தில் தண்ணீர் வைப்போம். முதலில் அதை வெகுநேரம் சந்தேகமாகப் பார்ப்பான். பிறகு ஒரு கால், அடுத்த கால், வயிறு. கடைசியில் முகத்தை முக்கி எடுத்துச் சிறகால் அடித்து எங்களையும் நனைப்பான். வெளியே வந்து உதறுவான். வெயிலில் சிறகை விரித்துக் காய்வான். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. வாலடியில் இருக்கும் சுரப்பியில் அலகால் எண்ணெய் தொட்டு, ஒவ்வொரு இறகாக நீவி விடுவான். அலகு எட்டாத முகத்தைக் கால்நகத்தால் சீவுவான். பின்னேரம் முழுவதும் போய்விடும்.

"அவனுக்கு எல்லாம் தெரியும். தண்ணீரை வைத்துவிட்டுத் தள்ளி நில்" என்பதுதான் ஃப்ரௌ ஏபி எனக்குத் தந்த ஒரே பயிற்சி.

இந்த நேரத்தில் எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. ஓர்லிகோனில் ஒரு குடும்பம். தகப்பன் ஊரில் தபாலதிபராக இருந்தவர், இங்கே சலவைச்சாலையில் வேலை. மகள் வசந்தி சிகையலங்காரம் படித்துக்கொண்டிருந்தாள். கலியாணப் பேச்சுக்கால் பேசிய தவம் அண்ணை, "பெடியன் பராமரிப்பு நிலையத்திலை வேலை" என்று சொல்லியிருந்தார். பறவை என்ற சொல்லை அவர் விழுங்கியதை நான் கவனித்தேன். திருத்தத்தான் நினைத்தேன். ஆனால் தொலைபேசியில் அன்ரி, அதாவது வசந்தியின் தாய், அன்பாக விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

"தம்பி, ஆரைப் பாக்கிறீர் அங்கை?"

"கோபி எண்டு ஒராள், அன்ரி. மற்றவையும் இருக்கினம்."

"எங்கடை ஆளோ? பாவம், வயசு போனவரோ?"

"வயசுதான். ஆனால் தானே குளிப்பார்."

"தானே குளிக்கிறதே பெரிய காரியம்" என்றார் அன்ரி. அதற்குப் பிறகு எந்த இடத்தில் நிறுத்தி, ஆந்தை என்று சொல்வது? நீங்களே சொல்லுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை பார்க்க வருவதாகச் சொன்னார்கள். வேலையிடத்தையும் பார்க்க வேண்டுமாம். அன்று காலை ஃப்ரௌ ஏபி தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். நான் ஒரு திட்டம் போட்டேன். கோபியை அழகாக, பளபளவென்று கையில் ஏந்தி நின்றால், ஆந்தை கெட்ட சகுனம் என்ற நினைப்பே அவர்களுக்கு வராது. (அந்த வயதில் என் திட்டங்கள் எல்லாம் இந்தத் தரத்தில்தான் இருந்தன.)

ஆனால் கோபியின் இறகில் வெள்ளையாக அரிசி மா மாதிரி ஏதோ படிந்திருந்தது. பொடுகு என்று முடிவு செய்தேன். ஷாம்பூவில் இரசாயனம் இருக்கும், பறவைக்குக் கூடாது என்று மிகுந்த பொறுப்போடு யோசித்து, தமிழ்க் கடையில் வாங்கி வைத்திருந்த சீயாக்காய்த் தூளைக் கரைத்தேன்.

தடித்த தோல் கையுறையில் ஏறி நின்ற கோபி, முதல் கோப்பை ஊற்றும்வரை என்னை நம்பினான். கண்ணில் படாமல் தலைக்குக் கீழே தேய்த்தேன். நுரை வந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு அலசினேன். அலச அலச ஆந்தை சிறுத்துக்கொண்டே போனது. ஆந்தைக்குக் கழுத்து என்று ஒன்று இருப்பதை அன்றுதான் கண்டேன். கடைசியில் ஒரு பெரிய தலை, இரண்டு கறுப்புக் கண்கள், அதற்குக் கீழே நனைந்த தும்புத்தடித் துடைப்பம். இறகு இடுக்கெல்லாம் சீயாக்காய் மண். அலகை 'டக் டக்' என்று அடித்துக்கொண்டு கையுறையை இறுக்கிப் பிடித்தவன், விடவே இல்லை.

அப்போது வாசல் மணி அடித்தது. சுவிஸ் ரயில்கள் ஒரு நாளாவது பிந்தி வரக்கூடாதா?

கோபி இருந்த கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு கதவைத் திறந்தேன். அங்கிள் வெள்ளைச் சட்டையில் நின்றார். அன்ரி காஞ்சிபுரம் உடுத்து, கையில் சாப்பாட்டு அடுக்கோடு நின்றார். பின்னால் வசந்தி.

"கோபி ஐயாவுக்கும் சேத்துக் கொண்டந்தனான். காரம் குறைச்சுத்தான் போட்டது. எங்கை அவர்?"

"இப்பதான்... குளிச்சவர், அன்ரி."

"தனியவோ விட்டிட்டு வந்தனீர்? வழுக்கி விழுந்தால்?" என்று பதறினார் அன்ரி.

முதுகுக்குப் பின்னால் 'டக்' என்று சத்தம். அங்கிள் எட்டிப் பார்த்தார்.

"உதென்ன தம்பி, கோழியோ?"

கையை முன்னால் கொண்டுவந்தேன். "கோபி" என்றேன்.

கோபி மூவரையும் ஆறுதலாக ஒரு சுற்றுப் பார்த்தான். பிறகு உடம்பு முழுவதையும் சிலிர்த்து ஒரு உதறு உதறினான். அங்கிளின் வெள்ளைச் சட்டையில், அன்ரியின் காஞ்சிபுரத்தில், அடுக்கின் மூடியில் எல்லாம் சீயாக்காய்த் தண்ணீர் மண்ணிறப் புள்ளி வைத்தது.

"அம்மாளாச்சி, ஆந்தை!" என்று அன்ரி வாசலுக்கு ஓடினார். அங்கிள் தபாலதிபரின் குரலில் கேட்டார்: "உமக்கு வேலை ஆந்தை குளிப்பாட்டிறதோ?"

"இல்லை அங்கிள். அது தானேதான் குளிக்கும்."

இந்தப் பதில் என் நிலைமையை எந்த விதத்திலும் உயர்த்தவில்லை.

வசந்தி மட்டும் கிட்ட வந்து முகர்ந்து பார்த்தாள். "சீயாக்காயோ போட்டனீங்கள்? எண்ணெய் முழுக்கப் போயிருக்குமே! அதுக்கு நடுங்குது, தெரியேல்லையோ?" அதுவரை நான் கோபியைப் பார்க்கவே இல்லை, என் மானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையாகவே அவன் நடுங்கினான். தலை உலர்த்தும் மெஷினைத் தேடி ஓடினேன். "சத்தத்துக்குப் பயந்திடும், வேண்டாம். அறையைச் சூடாக்குங்கோ" என்று நிறுத்தி, துவாயால் ஒற்றி ஒற்றி எடுத்தாள்.

ஃப்ரௌ ஏபி திரும்பி வந்தார். அன்றுதான் அவர் என்னோடு அதிகம் கதைத்தார். அந்த வெள்ளை மா பொடுகு இல்லை, இறகைக் காக்க ஆந்தையே உண்டாக்கும் தூள். எண்ணெயும் தூளும் போன இறகு மழையைத் தாங்காது. கோபி தன்னைத் தானே சரிசெய்து முடிக்கும்வரை வெளிக்கூட்டுக்குப் போக முடியாது. என்னைத் துரத்திவிடுவார் என்று நின்றேன். வேலை போனால் விசாவும் கலியாணமும் அதோடு போகும். அவர் துரத்தவில்லை. வேலை முடிந்து தினமும் கோபியின் அறையில் வெறும் இளஞ்சூட்டு நீரைப் பனிப்புகார் போலத் தெளித்து, மண் போகிறதா என்று பார்க்கச் சொன்னார். கோபி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே இறகை நீவினான். தலையை முக்கால் வட்டத்துக்குத் திருப்பக்கூடிய ஒரு பிராணி, என் பக்கம் மட்டும் திருப்பவில்லை.

"கோபி எப்பிடி இருக்கிறார்?" என்று வசந்தி தொலைபேசி எடுத்தாள். மறுநாளும் எடுத்தாள். கோபிக்குச் சுகமான பிறகும் எடுத்தாள். அங்கிள் மாட்டேன் என்றுதான் நின்றார். அன்ரிதான் கோயில் ஐயரிடம் சகுனம் கேட்டார்.

"அலறினதோ, குளிச்சதோ?" என்றாராம் ஐயர்.

"குளிச்சது."

"அப்ப தோஷம் ஒண்டும் இல்லை."

கலியாணம் நடந்தது. அங்கிளின் சட்டைக் கறை, அவர் சலவைச்சாலையிலேயே வேலை செய்தும் போகவில்லை. ஒவ்வொரு கொண்டாட்டத்திலும் அவர் அதைப் புது மருமக்களுக்கு எடுத்துக் காட்டினார்.

எங்கள் வீட்டில் எந்தப் பிள்ளையும் குளிக்க அடம்பிடித்ததில்லை. "அப்பாவை வரச் சொல்லட்டோ?" என்று வசந்தி கேட்டால் போதும். போன கிழமை பேத்தி தலைக்கு வார்க்க விடமாட்டேன் என்று வீடு முழுக்க ஓடினாள். மகள் மெதுவாகக் கேட்டாள்: "அம்மப்பா தோய வாக்கட்டோ?"

நான் சட்டைக் கையை மடிப்பதற்குள், குளியலறைக் கதவை உள்ளேயிருந்து பூட்டும் சத்தமும், தண்ணீர் திறக்கும் சத்தமும் கேட்டன.