எஞ்சினுக்குள் டொக் டொக்

“மறுபடியும் கேக்குது பாரு,” என்றார் மருந்துக்கடைக்காரர்.

டொக். டொக்டொக்.

பல வருஷம் கழித்துக் கடையைப் பூட்டிவிட்டு, மனைவியோடும் மாமனாரோடும் மலைப்பக்கம் போய் நாலு நாள் நிம்மதியாகத் தூங்கிவிட்டு வரலாம் என்று கிளம்பியிருந்தார். அதற்காகவே வாங்கிய பழைய வேன். உள்ளே அடுப்பு, பாத்ரூம், படுக்கை என்று சின்ன வீடு மாதிரி எல்லா வசதியும் உண்டு. எஞ்சின் பின்பக்கம். மாமனாரின் படுக்கையும் பின்பக்கம்தான், திரைக்கு அந்தப் புறம்.

வேனைப் பார்த்த அன்றே மாமனார் சொல்லிவிட்டார்: “காயலான் கடைக்குப் போற வழியில உங்க வீட்டுப் பக்கம் வந்திருக்கு, மாப்பிள்ளை.”

“என்னங்க, அப்பா முழிக்கறதுக்குள்ள சரி பண்ணுங்க. இல்லன்னா வழி பூரா பாட்டுக் கேக்கணும்,” என்றாள் மனைவி.

ஓரங்கட்டினார். பின்மூடியைத் திறந்தார். யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தால் வாயைத் திறக்குமுன்பே மாத்திரை எடுத்து வைக்கிற மனிதர். பார்த்தவுடன் வியாதி புரிந்துவிட்டது.

“பெல்ட் தொளதொளன்னு இருக்கு.”

ஸ்பேனரால் இறுக்கினார். கிளம்பினார்கள். கொஞ்ச தூரத்தில் டொக்டொக்டொக் என்று முன்னைவிட வேகமாக வந்தது.

“ரொம்ப இறுக்கிட்டீங்க.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“தைல பாட்டிலை நீங்க மூடினா, கதவிடுக்குல வெச்சுத்தானே நான் திறக்கறேன்!”

மறுபடி நிறுத்தினார். பெல்ட்டைத் தளர்த்தி, கையோடு ஆயிலும் ஊற்றினார். பாதி எஞ்சின் மேலேயே கொட்டியது. அடுத்த மேட்டில் புகை கிளம்பியது. சத்தம் இப்போது டமார் டமார்.

“மெதுவாத்தான் போங்களேன்.”

மெதுவாகப் போனால் இன்னும் தெளிவாகக் கேட்டது.

மூன்றாம் முறை பிளக் ஒயரை ஆட்டிப் பார்த்தார். அது அறுந்து கையோடு வந்துவிட்டது. இனி வண்டி நகராது.

“எனக்கு மலையும் வேணாம், மண்ணும் வேணாம்,” என்றார். சட்டையெல்லாம் ஆயில். “ஒரு மூலையில படுத்தாப் போதும்.”

“மெக்கானிக்குக்குப் போன் பண்ணியாச்சு. நல்லவேளை, அப்பா அசையவே இல்ல.”

“மாமா குடுத்து வெச்சவரு. இந்த இரைச்சல்லயும் தூங்கறாரே!”

மெக்கானிக் வரும்வரை அவர் கை சும்மா இருக்கவில்லை. கண்ட நட்டையெல்லாம் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

மெக்கானிக் வந்து ஒயரை மாற்றினார், ஆயிலைத் துடைத்தார், எஞ்சினை ஓட விட்டார். டொக்டொக்டொக். புருவத்தைச் சுருக்கி ஒரு நிமிஷம் கேட்டவர், நேராக வேனுக்குள் ஏறினார்.

“அப்பா தூங்கறாரு, பாத்து!” என்றாள் மனைவி.

திரைக்குப் பின்னால் ஏதோ திறக்கும் சத்தம் கேட்டது. மெக்கானிக் இறங்கி வந்தார்.

“சார், எஞ்சின்ல ஒரு குறையும் இல்ல. பாத்ரூம் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் விழுந்து, உள்ள ஒரு பெரியவர் மாட்டிக்கிட்டிருந்தாரு. வண்டி நின்னு ஸ்பேனர் சத்தம் கேக்கறப்பல்லாம், கதவைத்தான் கழட்டறீங்கன்னு நெனச்சு, தட்டறதை நிறுத்திட்டுப் பொறுமையா இருந்தாராம்!”