பனி வழிந்த நட்சத்திரம்

எனக்கு வாய் திறந்து சந்தேகம் கேட்கக் கூச்சம். கேட்காமல் நானே திருத்திவிடும் தைரியம் மட்டும் நிறைய உண்டு. (ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்புக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.)

எழுபதுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூரில் போர்டு எழுதிக்கொண்டிருந்தேன். கூல்டிரிங்ஸ் கடைப் பெயர்களின் தலையில் பனி உறைந்து வழிகிற மாதிரி வரைவதில் லஸ் முழுக்க எனக்குப் பெயர். (லஸ்ஸில் நான் எழுதிய கூல்டிரிங்ஸ் கடைகள் மூன்று.)

ஒருநாள் வசந்தா அம்மா வந்தார். நட்சத்திரங்களை ஆராய்பவர். அடையாறில் ஒரு மன்றத்தில் முதல்முறையாகத் தமிழில் பேசப்போகிறாராம்.

"சரியா அமையலேன்னா மன்றத்துக்காரா இனிமே தமிழ்ல பேச விடமாட்டா. போர்டு பளிச்சுனு இருக்கணும்" என்று ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார்.

தாளில் இரண்டு நட்சத்திரங்கள். 'சூடானது: நீலம். குளிர்ந்த ராட்சத நட்சத்திரம்: சிவப்பு.'

பாவம், அவசரத்தில் மாற்றி எழுதிவிட்டார் என்று நினைத்தேன். திருத்திவிட்டேன். சூடானது செக்கச்செவேல். குளிர்ந்தது ஆகாய நீலம். 'குளிர்ந்த' என்ற சொல்லின் தலையில் என் பிரசித்தி பெற்ற பனி.

"இன்னா நைனா, ஐஸ் கம்பெனி தொறக்குறாங்களா?" என்றார் போர்டை ஏற்றிப்போன ரிக்‌ஷாக்காரர். பூரித்துப்போனேன்.

பேச்சுக்கு நானும் போயிருந்தேன். மேடையில் வசந்தா அம்மா போர்டின் மேல் இருந்த துணியை விலக்கினார். முன்வரிசையில் ஒருவர், "என்னம்மா, நட்சத்திரத்துக்கு ஜலதோஷமா?" என்றார். மன்றமே சிரித்தது. அம்மாவின் முகம் வெளுத்தது. நான் தூணுக்குப் பின்னால் போனேன்.

"போர்டு எழுதினவர் இருக்காரா? இங்க வாங்கோ சார்" என்றார் அம்மா.

அதுவரை என்னை யாரும் சார் என்றதில்லை. அன்றைக்குத்தானா சொல்ல வேண்டும்!

"ஏன் மாத்தினேள்?"

"தணல் சிவப்பு, ஐஸ் நீலம்... நீங்க மாத்தி எழுதிட்டீங்கன்னு நெனச்சேம்மா."

மறுபடி சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை.

"இரும்பைக் காய்ச்சினா முதல்ல என்ன நிறம்?"

"சிவப்பு."

"இன்னும் காய்ச்சினா?"

"மஞ்சள்... அப்புறம் வெள்ளை..." சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"அதுக்கும் மேல நீலம். அப்போ சிவப்புதானே சூடு கம்மி?" அவர் கூட்டத்தைப் பார்த்தார். "தோசைக்கல் சிவக்கறதில்லை, ஆனா கையைச் சுடும். இந்தக் குளிர்ந்த நட்சத்திரமும் அப்படித்தான். பாதிக்கு மேல கண்ணுக்குத் தெரியாத வெப்பமா வரது. அதையும் சேர்த்து அளந்தாத்தான் மொத்தப் பிரகாசம். அதோட, வானத்துல எவ்வளவு அகலமாத் தெரியறதுன்னும் தெரிஞ்சா, எவ்வளவு சூடுன்னு சொல்லிடலாம்."

ஜலதோஷக்காரர்தான் முதலில் கை தட்டினார். மன்றத்தார் அடுத்த பேச்சுக்கு அங்கேயே நாள் குறித்தார்கள். "இந்தத் தடவை கேட்டுட்டு எழுதுங்கோ" என்று அம்மா அந்தப் பேச்சுக்கான போர்டையும் எனக்கே கொடுத்தார். அதன்பின் பல வருடங்கள் அவருக்கு நான்தான் எழுதினேன். சிரித்த கூட்டத்திடம் என்னை விட்டுவிடாமல், பாடத்தில் பாதியை என் வாயாலேயே சொல்லவைத்தாரே, அதற்கு இன்றைக்கும் கும்பிடுகிறேன்.

வீட்டில் எனக்குக் கோபம் வந்தால் யாரும் பயப்படுவதில்லை. என் மனைவி பிள்ளைகளிடம் சொல்லிவைத்திருக்கிறாள்: "அப்பா மூஞ்சி சிவந்தா ஒண்ணுமில்ல, ஆறிட்டார்னு அர்த்தம். நீலமானாத்தான் ஓடணும்."