கார் ஏறாத கார்ப்பாதை

இருட்டி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். வாசல் பக்கம் ஒரு சத்தம். டொக். டொக். டொப்.

நான் இயல்பிலேயே பயந்தாங்கொள்ளி. பிள்ளை பெற்ற பிறகு இரண்டு பேருக்கும் சேர்த்துப் பயப்படுகிறேன். ஐந்து மாதத்து ஆக்னஸைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒரு கையில் ஜெபமாலையும் இன்னொரு கையில் மாவு தேய்க்கும் கட்டையுமாக ஜன்னலுக்குப் போனேன். பிள்ளையை எந்தக் கையால் பிடித்திருந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

வெளியே ஓர் ஆள் முட்டிபோட்டு, தெருவிலிருந்து கராஜுக்கு வரும் எங்கள் கார்ப்பாதையில் காதை வைத்து, சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தான். திருடனாக இருந்திருக்கலாம். அந்த அதிர்ஷ்டம் எனக்கில்லை. என் கணவன் வெண்டெல்.

"வெண்டெல்! என்ன பண்ற?"

"ஷ்ஷ்! கத்தாத. பக்கத்துல எல்ட்ரெட் வீட்டுல விளக்கு எரியுது."

"அதுக்காக இருட்டுலயா தட்டுவாங்க?"

"பகல்ல தட்டினா தெருவே பாக்கும். கேளு. டொக்குன்னா கான்கிரீட் கெட்டியா இருக்கு. டொப்புன்னா மேல்தோல் கழண்டுடுச்சு."

"எத்தனை டொக்கு?"

"கராஜ் பக்கத்துல ஒண்ணு இருந்துச்சு. இப்ப தேடினா அதையும் காணோம்."

உள்ளே வந்து நாற்காலியில் சரிந்தான். மூக்கு சிவந்திருந்தது. குளிரா, அழுகையா, நான் கேட்கவில்லை.

"வெர்னா என்னை ஏமாத்திட்டா பெர்னி. மட்டமான சரக்கு. வெள்ளிக்கிழமை கோவில் மீன் விருந்துல, ஊரே கூடியிருக்கும்போது, நேருக்கு நேர் கேக்கப் போறேன்."

என் வயிற்றுக்குள்ளும் ஒரு டொப் கேட்டது. வெர்னா எங்கள் ஊரில் கான்கிரீட் லாரி ஓட்டுகிறவள். சொந்த லாரி. அறுபது வயது. ஆக்னஸுக்கு ஞானத்தாயும் அவள்தான். அவள் சரக்கு மட்டம் என்று பேர் விழுந்தால், வருகிற கோடையில் ஒருவரும் அவள் லாரியைக் கூப்பிட மாட்டார்கள். அவள் சரக்கில் ஒரு குறையும் இல்லை. எனக்குத் தெரியும். அந்தப் பாதையின் தோலை உரித்தது நான்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பழைய கார்ப்பாதை இருபது விஸ்கான்சின் குளிர்காலங்களைத் தின்று முடித்திருந்தது. வெடிப்பில் தண்ணீர் இறங்கும், உறையும், விரியும், உருகும், மறுபடி உறையும். ஒரு மார்ச்சில் ஒரு கான்கிரீட் பாளம் ஒரு சாண் எழும்பி கராஜ் கதவைத் திறக்கவிடாமல் நின்றது. அன்று வெண்டெல் சபதம் செய்தான். "இந்த வருஷம் மொத்தத்தையும் பேத்துட்டுப் புதுசு!"

அக்டோபரில் அவனும் மச்சான்மாரும் பேர்த்தார்கள். ஜல்லி கொட்டி இடித்து இறுக்கினார்கள். ஒரு சனிக்கிழமை காலை வெர்னா லாரியோடு வந்தாள். மதியத்துக்குள் ஊற்றி, பரப்பி, வழுக்காமலிருக்கத் துடைப்பத்தால் கோடும் இழுத்துவிட்டார்கள். சாயங்காலம் தெருவே பீர் பாட்டிலோடு வந்து சுற்றி நின்று பார்த்தது. "நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். எங்கள் ஊரில் அதற்குமேல் புகழ்ச்சி கிடையாது. அந்த வாரம்தான் நான் பிள்ளை பெற்றுத் திரும்பியிருந்தேன். என்னைப் பார்க்க வந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் புதுப் பாதை எங்கே என்று வழி கேட்க வந்தவர்.

போகும்போது வெர்னா சொன்னாள்: "ஒரு வாரம் கார் ஏத்தாத கண்ணு. முதல் குளிர்காலம் பனிய உருக்க உப்பு போடாத, புதுக் கான்கிரீட்டோட தோல உரிச்சிடும். பனி வழுக்கினா மணல் மட்டும் தூவு."

வெண்டெல் ஒரு வாரத்தை ஒரு குளிர்காலம் ஆக்கினான். கார் தெரு ஓரத்தில், பாதை சும்மா. 'உப்பு கூடாது' என்று பலகை நட்டான். தெரு உப்பு ஒட்டியிருக்குமென்று தபால்காரரின் பூட்ஸைக் கூடத் தட்டிவிட்டுத்தான் உள்ளே விட்டான். இத்தனைக்கும் அவன் வேலை பால்கட்டித் தொழிற்சாலையில், பால்கட்டி ஊறும் உப்புநீரை நாக்கில் விட்டுப் பதம் சொல்வது. நாளெல்லாம் உப்பிலேயே நிற்பவனுக்கு வீட்டு வாசலில் உப்பு ஆகாது.

நவம்பரில் நான் விழுந்தேன். பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு காருக்குப் போகும்போது கால் வழுக்கியது. உட்கார்ந்த நிலையிலேயே தெருவரை சறுக்கிக்கொண்டு போனேன். ஆக்னஸ் கொட்டாவி விட்டாள். எனக்கு அதற்குப் பிறகு ஒரு வாரம் தூக்கம் இல்லை.

"வெண்டெல், கொஞ்சமா உப்பு போட்டா என்ன?"

"பெர்னி! நீ உன் பிள்ளைக்கு விஷம் குடுப்பியா?"

"பிள்ளை விழுந்துடுவாளேன்னுதான் கேக்கறேன்."

"மணல் இருக்கு. பெங்குவின் மாதிரி நட."

மணல் தூவினால் அதன்மேல் மழை பெய்து உறையும். பெங்குவின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மளிகைப் பையும் சுமந்ததை நான் எங்கும் பார்த்ததில்லை.

எங்கள் ஊரில் கிணற்றுத் தண்ணீர் கடினம். அதை மென்மையாக்கும் இயந்திரம் நிலவறையில் இருக்கிறது. அதற்குத் தீனி உப்பு, மூட்டை மூட்டையாக. இறைச்சி தட்டும் சுத்தியலால் அதில் கொஞ்சம் பொடித்தேன். ஆக்னஸின் பவுடர் டப்பாவில் நிரப்பினேன். தினமும் காலையில் அவன் வேலைக்குப் போனதும், குழந்தைக்குப் பூசுவது போல மெல்ல மெல்லப் பாதைக்குத் தூவினேன்.

"பெர்னி, இந்த மெஷின் உப்பாத் திங்குதே!"

"நம்ம தண்ணி ரொம்பக் கடினம் வெண்டெல்."

"ஆமா, ஆமா. எங்கப்பாவும் சொல்வாரு."

என்று சொல்லி அடுத்த மூட்டையைத் தோளில் சுமந்து இறக்குவான். மொத்தம் ஆறு மூட்டை. பாவம், முதுகு வலி என்று ஒருநாளும் சொன்னதில்லை.

எனக்குத்தான் வலித்தது. கான்வென்டில் சிஸ்டர் குளோடில்ட், வாய் திறக்காமல் இருப்பதிலும் பொய் உண்டு என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். "கணவனிடம் சொல், மகளே" என்றார் ஃபாதர். மறுவாரம் காது மந்தமான பெரிய ஃபாதரிடம் போனேன். அவர் பாவத்தை மன்னித்து, குழந்தைக்கு வாழ்த்தும் சொன்னார்.

பிப்ரவரி கடைசியில் பனி உருகியது. பாதை அம்மை போட்ட முகம்போல் வெளியே வந்தது. இதோ, மார்ச். சுத்தியல். டொப்.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் சொல்லிவிடத்தான் பார்த்தேன். "வெண்டெல், ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தால், "நீ கவலைப்படாத, வெர்னாவ நான் பாத்துக்கறேன்" என்று என் தோளைத் தட்டுவான். அவன் தட்டத் தட்ட நான் குட்டையானேன்.

வெள்ளிக்கிழமை. கோவில் நிலவறைக் கூடம். தவக்கால வெள்ளியில் இறைச்சி கூடாது, அதனால் மேசை முழுக்க மீன் பொரியல், உருளைக்கிழங்கு அப்பம், முட்டைக்கோஸ் பச்சடி. வெர்னா எங்கள் மேசைக்கே வந்து உட்கார்ந்து ஆக்னஸை மடியில் வாங்கிக்கொண்டாள். வெண்டெல் எழுந்து நின்றான்.

"வெர்னா! என் டிரைவ்வேக்கு என்ன சரக்கு போட்டீங்க?"

கூடத்தில் முள்கரண்டிகள் நின்றன.

"எல்லாருக்கும் போட்ட சரக்குதான். எதுக்குக் கேக்கற?"

"தோல் உரியுது! ஒரு குளிர்காலம் தாங்கல!"

"அப்ப உப்பு போட்டிருக்க."

"என் வீட்டுல ஒரு கல் உப்பு போட்டதில்ல. பைபிள் மேல சத்தியம்!"

வெர்னா கோட்டுப் பையிலிருந்து ஒரு சில்லை எடுத்தாள். "வர வழியில உன் பாதையப் பாத்தப்பவே புரிஞ்சுது, அங்க பொறுக்கினது. ஊரு பால்கட்டிக்கெல்லாம் பதம் பாக்கறவன்தானே நீ? நாக்குல வை."

வெண்டெல் வைத்தான். கண்ணை மூடினான். தொழில் பழக்கம் பாருங்கள், தன்னை மறந்து பெருமையோடு, "உப்புதான். நல்லா ஏறியிருக்கு" என்றான். அப்புறம்தான் கண்ணைத் திறந்தான்.

கூடம் சிரித்தது. வெண்டெல் சுற்றிலும் பார்த்தான். விரல் பக்கத்து வீட்டு எல்ட்ரெட்டின் மேல் போய் நின்றது. "நீதான்! என் டிரைவ்வே மேல உனக்குப் பொறாமை. ராத்திரில வந்து தூவியிருக்க!"

எல்ட்ரெட் சாது. மீன் தொண்டையில் சிக்கி இருமினார். இன்னொரு நிரபராதி. எழுந்தேன்.

"நான்தான் வெண்டெல்."

"நீதான் என்ன?"

"தூவினது. தினமும். நீ வேலைக்குப் போனப்புறம்."

"உப்பு ஏது உனக்கு?"

"நீ சுமந்து போட்டதுதான். ஆறு மூட்டை."

யாரோ மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். என் முகம் எரிந்தது. சிஸ்டர் குளோடில்ட் அங்கே இல்லை என்று ஒரு நொடி ஆறுதல்பட்டேன். கடைசி மேசையில் அப்பம் தின்றுகொண்டிருந்தார்.

வெண்டெல் இடுப்பில் கை வைத்தான். "பாத்தீங்களா எல்லாரும்! நான் ராப்பகலா காவல் காத்தேன். சொந்தப் பொண்டாட்டி..."

"உக்காரு வெண்டெல்," என்றாள் வெர்னா. "அவளைப் பேசறதா இருந்தா இதையும் பேசணும். காட்ட வேணாம்னுதான் இருந்தேன்." மஞ்சள் சீட்டு ஒன்றை விரித்தாள். லாரியிலிருந்து சரக்கு இறங்கும்போது கையெழுத்து வாங்கும் சீட்டு. "படி."

வெண்டெல் வாய்க்குள் படித்தான்.

"சத்தமா."

"வாடிக்கையாளர் கேட்டு... கூடுதல் தண்ணீர்... பன்னிரண்டு கேலன்."

"எதுக்குக் கேட்ட?"

"பரப்ப லேசா இருக்கும்னு."

"எதுக்கு அவசரம்?"

"மதியம்... டிவில கால்பந்து."

"தண்ணி ஊத்தினா மேல்தோல் நிக்காதுன்னு சொன்னேனா?"

"சொன்னீங்க."

"கையெழுத்து யாருது?"

வெண்டெல் உட்கார்ந்தான். வெர்னா அவன் தட்டில் ஒரு மீன் துண்டை எடுத்து வைத்தாள். "கோடையில பேத்துடலாம் கண்ணு. கெட்டியா ஊத்தித் தரேன். ஆட்டம் இல்லாத நாளாப் பாத்து."

வீட்டுக்குக் காரில் திரும்பினோம். அவனுக்கு என்னைப் பார்க்க வெட்கம், எனக்கு அவனைப் பார்க்க வெட்கம். இரண்டு பேரும் சாலையைப் பார்த்தோம். தூறல் விழுந்து உறைந்திருந்தது. பாதை கண்ணாடியாகக் கிடந்தது. தெரு ஓரத்தில் காரை நிறுத்தினான்.

"பாப்பாவ நான் தூக்கிக்கறேன்," என்றான். அந்தப் பாதையில் அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடப்பது அன்றுதான் முதல் முறை.

பாதி தூரம் போனான். நின்றான்.

"பெர்னி."

"ம்."

"கால எடுக்க முடியல. பாப்பா வேற கையில."

"பயமா இருக்கா?"

மிக மெல்ல, எல்ட்ரெட் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அந்த உப்பு... இன்னும் மிச்சம் இருக்கா?" என்றான்.

நான் ஓரத்தில் குவிந்து இன்னும் உருகாத பனியில் முழங்கால் புதைய ஓடி, நிலவறையிலிருந்து ஒரு வாளி அள்ளி வந்தேன். சந்தோஷமாகவே இருந்தேன் என்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அவன் காலடியிலிருந்து வாசற்படி வரை இரண்டு கையாலும் வாரி இறைத்தேன்.

"இன்னும் கொஞ்சம் போடு," என்றான். போட்டேன். பிள்ளையோடு நாலு எட்டில் வீட்டுக்குள் போய்விட்டான்.

அப்போதுதான் தெருவில் வெளிச்சம் வந்தது. ஒரு கார், இரண்டு, ஐந்து. விருந்து முடிந்து ஊரே எங்கள் பாதையைப் பார்க்க வந்திருந்தது. முன்னால் வெர்னா. பின்னால் எல்ட்ரெட். சிஸ்டர் குளோடில்ட் கார்க் கண்ணாடியை இறக்கினார். அத்தனை விளக்கும் என்மேல், என் கையிலிருந்த வாளியின்மேல்.

"பெர்னி கண்ணு," என்றாள் வெர்னா. "இன்னுமா?"

"இது நான் இல்ல! வெண்டெல்தான் போடச் சொன்னான். வேணும்னா அவனையே கேளுங்க. வெண்டெல்!"

திரும்பினேன். வாசல் விளக்கு அணைந்தது. கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. அப்புறம் உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.