மதகு இல்லாத ஆட்டம்

என் பொண்டாட்டி பாஞ்சாலி கண்டுபுடிச்சிட்டா.

யாரும் போட்டுக் குடுக்கல. நானே எழுதி வெச்சி மாட்டிக்கினேன். என் ஜாதகம் அப்படி. திருடப் போனா கூட விலாசத்த விட்டுட்டு வர்ற ராசி.

எங்க கம்பெனில ஓ.டி. நிறுத்தி ஏழு மாசம் ஆவுது. மோட்டார் ஓடல, ஆர்டர் இல்ல, கேட்டை எப்ப சாத்துவாங்கன்னு செக்யூரிட்டிக்கே தெரியல. வைண்டிங் செக்‌ஷன்ல நாப்பது பேர் இருந்த எடத்துல பதினோரு பேர் ஒக்காந்து கொட்டாவி விடறோம். இந்த சங்கதி எதையும் நான் வூட்ல சொல்லல. வூட்டப் பொறுத்தவரைக்கும் எனக்கு டெய்லி ஓ.டி.

ஓ.டி. நடக்கற எடம் சுங்குவார்சத்திரம். பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ல டீக்கடை, அதுக்கு ஒட்டினாப்புல மரகதம் அக்காவோட வீடியோ கேம் கடை. தகரக் கூரை, ஒரு படி, உள்ள ஆள் ஒசரத்துக்கு ஒரே ஒரு மெஷினு. அக்காவோட வூட்டுக்காரர் ஆசையா வாங்கிப் போட்டுட்டு, ரெண்டே வருஷத்துல போய்ச் சேந்துட்டார். மெஷின் மட்டும் நிக்குது.

காயினப் போட்டா ஏரோப்பிளேன் ஆட்டம். ஆத்து மேல பறக்கணும், படகைச் சுடணும், மூணு பாலம் தாண்டணும். கடேசில மதகு வரும். அஞ்சு கதவு. தொறந்து தொறந்து மூடும். ஊர்ல இருக்கற அத்தினி பேரும் அந்த மதகுல முட்டிக்கினு சாவாங்க. நான் மட்டும் பூந்து பூந்து போவேன். எப்படின்னா, பதிமூணு வருஷமா மோட்டார் காயில்ல கம்பிச் சுத்து எண்ணி எண்ணிப் பழகின தலை இது. மனசுக்குள்ள பதினேழு எண்ணினா நடுக்கதவு தொறக்கும். கம்பெனிக்குப் பிரயோஜனமில்லாத வித்தை அங்க ஒண்ணுதான் செல்லுபடியாச்சு.

கரண்ட் போனா மெஷின் மார்க்கை மறந்துடும். அதனால அக்கா ஒரு சிலேட்டுல அதிக மார்க்கு எடுத்தவன் பேரை எழுதி வாசல்ல மாட்டி வெக்கும். என் பேரை வெறும் எல்லப்பன்னுதான் எழுதிச்சி. நான் சும்மா இருந்திருக்கலாம். கோயிலுக்கு ஒரு டியூப்லைட் குடுத்துட்டு, வெளிச்சமே வெளிய வராத அளவுக்கு அது மேல பேரு, ஊரு, அப்பன் பேரெல்லாம் எழுதற பரம்பரை ஆச்சே நாம!

"அக்கா, முழுசா எழுது. இனிஷியல் போடு. வல்லம் வடகால்னு போடு. வைண்டிங் செக்‌ஷன்னும் போட்டுடு."

போட்டுச்சி. மார்க்கு 96,400.

ஐப்பசி மழை. அம்மா வூட்லேர்ந்து திரும்பி வந்த பாஞ்சாலி பஸ்ஸுக்கு நின்னிருக்கா. மழைக்கு ஒதுங்க அவளுக்கு அந்தத் தகரக் கூரைதான் கெடச்சிதா? தலைக்கு நேரா சிலேட்டு.

அன்னிக்கி நான் வூட்டுக்குள்ள நொழையறேன், சொம்புல தண்ணி குடுத்தா.

"ஓ.டி. எப்படி இருந்துச்சி?"

"ஒடம்பெல்லாம் வலி பாஞ்சாலி."

"வலிக்காம பின்ன? தொண்ணூத்தாறாயிரத்து நானூறு எடுத்திருக்கியே."

தண்ணி மூக்குல ஏறிடுச்சி.

கத்துவான்னு பாத்தேன். கத்தல. அழுதா. அதுதான் ரொம்பக் கஷ்டமா போச்சு எனக்கு. "நெசமா ஒழைக்கறன்னு நெனச்சி டெய்லி காலுக்கு எண்ணெ தேச்சி வுட்டனேய்யா, மெஷினாண்ட நின்ன காலுக்கா?"ன்னு கேட்டா. நான் காலை உள்ள மடிச்சிக்கினேன்.

அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கினே ஒரு யோசனை சொன்னா.

"அந்த ஆட்டம் டி.வி.ல போடற மாதிரி டப்பாவா வருதாமே. மரகதம் அக்கா சொல்லிச்சி. தீவாளிக்கு எனக்குப் பொடவை வேணாம். அந்த டப்பாவ வாங்கியா. வூட்லயே ஆடு. என் கண்ணு முன்னாடி இரு."

எனக்கு உள்ளுக்குள்ள ஒரே மத்தாப்பு. ஆஹா, இவ்ளோ வெகுளியா ஒருத்தி! வூட்ல ஓசில பழகினு, கடையில லட்சத்தைத் தாண்டிடலாம்.

"ஆனா சாமி முன்னாடி கற்பூரம் அடிச்சி சத்தியம் பண்ணு. அந்த ஆட்டம் வூட்ல இருக்கற வரைக்கும் மரகதம் அக்கா கடைப் படிய மிதிக்க மாட்டேன்னு."

கற்பூரம் எரியுது. பக்கத்து வூட்டு மீனம்மாளை வேற சாட்சிக்குக் கூப்புட்டு நிக்க வெச்சிட்டா. அடிச்சேன் சத்தியம்.

எங்க செக்‌ஷன் அண்ணாதுரை மெட்ராஸ் போய் பர்மா பஜார்ல அந்த டப்பாவ வாங்கியாந்தான். ஆசையா மாட்டி, ஸ்விட்சைப் போட்டேன்.

அய்யோ.

எங்க டி.வி. கறுப்பு வெள்ள. ஆறு சாம்பல் கலரு, படகும் சாம்பல் கலரு, ஏரோப்பிளேன் இட்லித் துண்டு மாதிரி மெதக்குது. கடையில கேக்கற அந்த இன்ஜின் சத்தம் இங்க கொசு கத்தறாப்புல கேக்குது. சரி, போவட்டும், மதகு வரட்டும்னு பல்லைக் கடிச்சிக்கினு ஆடறேன். மூணாவது பாலம் போச்சு. மனசுக்குள்ள எண்ண ஆரம்பிச்சேன். பதினஞ்சு, பதினாறு, பதினேழு...

மறுபடியும் மொதல் படகு வந்துச்சி.

மதகே இல்ல! எங்கயோ வெளிநாட்டுல ஒருத்தன் ஒக்காந்து, டப்பாவுல எடம் பத்தலன்னு மதகைத் தூக்கிட்டான். அவன் வூட்ல அவனுக்கு இன்னா பிரச்சனையோ. செம்பரம்பாக்கம் ஏரிய எடுத்துக்கோ. மதகு இல்லன்னா அது ஏரியா? வெறும் தண்ணி. மதகு இல்லாம நானும் வெறும் ஆளுதான்னு எனக்கு அன்னிக்கே தெரிஞ்சி போச்சு. பத்து நாள் ஆடியும் நாப்பதாயிரம் தாண்டல.

இதுல இன்னொரு கஷ்டம். பஞ்சர் கடை மாரி 91,000 வரைக்கும் வந்துட்டான்னு அண்ணாதுரை வந்து சொன்னான். இன்னும் ஒரு வாரம் வுட்டா சிலேட்டுல என் பேரு அழிஞ்சிடும். பூமில என் பேரு மேல இருக்கற எடம் அது ஒண்ணுதான். ரேஷன் கார்டுல கூட எங்க அப்பன் பேருதான் மேல. எனக்கு சோறு எறங்கல.

சத்தியத்துல ஓட்டை இருக்கான்னு தேடினேன். இருந்துச்சி! 'அந்த ஆட்டம்' வூட்ல இருக்கற வரைக்கும்னுதானே சத்தியம்? இது அந்த ஆட்டமே இல்லியே!

"பாஞ்சாலி, இது வேற ஆட்டம்மே. இது காப்பி. மதகு இல்ல, கலரு இல்ல, சத்தம் இல்ல."

"கல்யாணத்தப்ப உனுக்கு தலை நெறைய முடி இருந்துச்சி."

"அதுக்கு?"

"இப்ப இல்ல. கலரும் போச்சு. சத்தம் மட்டுந்தான் கீது. அதுக்கோசரம் நீ வேற ஆளா? நான் அந்தப் பழைய ஆளைத் தேடிக்கினு போவட்டா?"

மீனம்மாள் மறைப்புக்கு அந்தாண்டேர்ந்து சிரிச்சிது. நான் வுடல.

"ஏமே, நேத்து வெச்ச ரசத்தை இன்னிக்கி சுட வெச்சிக் குடுத்தா அது ரசமா?"

"ரசம் இல்ல. ஆனா மீன் கொழம்பு மறுநாள்தான்யா ருசி. அது ரசமா, கொழம்பான்னு சாப்புடறவன் நாக்கு சொல்லணும். உனுக்கு நாக்கு செத்துப் போச்சு."

மீனம்மாள் நடுவுல பூந்துச்சி. "அது இன்னாவோ எல்லப்பா, உங்க வூட்ல பகல்ல எல்லாம் ஒரே கொசு சத்தம். காதைத் தொளைக்குது."

"மழைக்காலம்ல, கொசு இருக்கும்"னேன். என் மூளை அவ்ளோதான்.

எங்க யூனியன்ல ஒண்ணு சொல்லுவாங்க: வாயால சொன்னா செல்லாது, எழுதி வாங்கு. நேரா சுங்குவார்சத்திரம் போனேன். படிய மிதிக்கக் கூடாதே! கொட்டற மழைல, சாக்கடைக்கு இந்தாண்ட ரோட்டுல நின்னுக்கினு கத்தினேன்.

"அக்கா! மரகதக்கா!"

"உள்ள வாய்யா, நனையறியே."

"வர முடியாது. சத்தியம். வூட்டு டப்பால ஆடற ஆட்டமும் உன் கடை ஆட்டமும் ஒண்ணா?"

"வேறதான்."

"எழுதிக் குடு!"

அக்கா நோட்டுப் பேப்பரைக் கிழிச்சிது. நான் மழைல நின்னு சொல்லச் சொல்ல எழுதிச்சி. 'வீட்டில் உள்ளது வேறு ஆட்டம். கடையில் உள்ளது வேறு ஆட்டம்.' அத்தோட வுட்டிருக்கலாம். நமக்குத்தான் டியூப்லைட் புத்தியாச்சே. "இன்னொரு வரி போடுக்கா. 'ஒன்றில் எடுத்த மார்க் மற்றொன்றுக்குச் செல்லாது.' ஆங், கையெழுத்து. சாட்சிக்கு நானும் போடறேன், குடு."

குடைக்கம்பில சொருகி நீட்டிச்சி. நானும் நனைஞ்சிக்கினே கையெழுத்துப் போட்டேன். அப்ப அக்கா மெஷினைத் திரும்பிப் பாத்து ஒண்ணு சொல்லிச்சி.

"பச்சை கலரு போயிடுச்சி எல்லப்பா. ட்யூபு கெடைக்கல. அவரு வாங்கினு வந்த மெஷினு. அது போனா அந்த ஆட்டமே இந்த ஊர்ல இல்லாம பூடும். காப்பியோ, கீப்பியோ, ஒண்ணு இருந்தா நல்லதுதான். மதகு இல்லாட்டி போவுது, ஆறாவது ஓடுமே."

அக்கா கண்ணு கலங்கினாப்புல இருந்துச்சி. எனக்கு அதையெல்லாம் யோசிக்க எங்க நேரம்? பேப்பரை சோத்து டப்பால பத்திரமா வெச்சி வூட்டுக்குக் கொண்டாந்தேன்.

பாஞ்சாலி பேப்பரை ரெண்டு தபா படிச்சா.

"சரிய்யா. வேற ஆட்டந்தான். சத்தியம் உன்னைக் கட்டாது. திங்கக்கெழமை ஷிப்ட் முடிஞ்சி போ."

"கோவமா?"

"கோவம் இன்னா? பேப்பரு என்கிட்டயே இருக்கட்டும்."

ஜெயிச்சிட்டேன்! கல்யாணமாகி ஒம்போது வருஷத்துல மொதல் ஜெயம். ஞாயித்துக்கெழமை முழுக்க பதினேழு வரைக்கும் எண்ணிப் பழகினேன்.

திங்கக்கெழமை கம்பெனி கேட்டுல நோட்டீஸ் ஒட்டியிருந்துச்சி. மறு உத்தரவு வர்ற வரைக்கும் வேலை இல்ல. பதினோரு பேரும் படிச்சோம். யாரும் யாரையும் பாக்கல. மழை மட்டும் பேஞ்சிக்கினு இருந்துச்சி. பகலெல்லாம் டீக்கடை டீக்கடையா ஒக்காந்து எழுந்தேன். ஷிப்ட் முடியற நேரத்துக்கு சுங்குவார்சத்திரத்துல எறங்கினேன். போவட்டும். எல்லாம் போவட்டும். சிலேட்டாவது இருக்குல்ல?

படிய மிதிச்சேன். மெஷினு இல்ல.

அது நின்ன எடத்துல தரை மட்டும் சதுரமா வெளுத்திருந்துச்சி. பக்கத்துல மேசை. மேசை மேல அக்கா வூட்டு கலர் டி.வி. அதுக்குக் கீழ ஒரு டப்பா. அந்த டப்பாவோட மூலைல நான் பீடி வெச்சி சுட்ட தழும்பு.

"அக்கா, இது எங்க வூட்து!"

"ஆமா. மெஷினைக் காஞ்சிவரத்துக்காரன் பார்ட்ஸுக்கு எடுத்துக்கினு பூட்டான். இனிமே இதான் கடை ஆட்டம்."

சிலேட்டைப் பாத்தேன். தொடச்சி வெச்சிருந்தாங்க. ஒரே ஒரு பேரு. 'பாஞ்சாலி, வல்லம் வடகால். 1,12,300.' இனிஷியல் கூட போட்டுக்கல.

"யாரு, எங்க பாஞ்சாலியா?"

"இன்னிக்கி மத்தியானம் இங்கயே ஒக்காந்து ஆடினா. மாரியும் பாத்தான். பகலெல்லாம் வூட்ல பழகியிருக்கா போல."

கொசு! அடப்பாவி மீனம்மா, தெளிவா சொல்லியிருக்கக் கூடாதா?

"சரி, என் தொண்ணூத்தாறாயிரம்? மெஷின்ல எடுத்தது? அதை இன்னாத்துக்கு அழிச்ச?"

அக்கா சிலேட்டுக்குப் பக்கத்துல செவுத்தைக் காட்டிச்சி. என் பேப்பரு. சோத்துப் பசை வெச்சி ஒட்டியிருந்தாங்க. 'ஒன்றில் எடுத்த மார்க் மற்றொன்றுக்குச் செல்லாது.' கீழ சாட்சிக் கையெழுத்து, வ. எல்லப்பன். மழைல கொஞ்சம் கரைஞ்சிருந்தாலும் நல்லாவே படிக்க முடிஞ்சிது.

அக்கா கையில ஒரு காயினக் குடுத்துட்டு ஆடிப் பாத்தேன். கலர் டி.வி.ல ஆறு நெசமாவே பச்சையா ஓடுச்சி. முப்பத்தெட்டாயிரம். எழுந்துட்டேன்.

வூட்டுக்கு வந்து கேட்டேன். "ஏன்மே இப்படிப் பண்ணே?"

பாஞ்சாலி கண்ணாடி முன்னாடி நின்னு தலை வாரிக்கினு இருந்தா. கட்டியிருந்தது புதுப் பொடவை.

"உங்க கம்பெனில ஓ.டி. நிறுத்தினது சிலேட்டைப் பாத்த மறுநாளே எனக்குத் தெரியும்யா. அண்ணாதுரை பொண்டாட்டி சொல்லிட்டா. கேட்டை சாத்தினா இந்த வூட்ல யாராச்சும் ஒருத்தர் வேலைக்குப் போவணும்ல? டப்பா நம்மளுது, எடம் அக்காவுது. பாதி பாதி."

நோட்டீஸ் சங்கதிய நான் இன்னும் சொல்லவே இல்ல. அவ மூஞ்சியப் பாத்தா, அதுவும் தெரிஞ்சிருக்கும் போல.

குடைய எடுத்துக்கினு வாசல்ல எறங்கினவ, திரும்பி நின்னா.

"எனக்கு ஓ.டி. இருக்கு, வர லேட்டாவும். சோத்தை வடிச்சி வெச்சிடு. காலுக்கு எண்ணெய சுட வெச்சி எடுத்து வெய்."