மூன்று கோல் கீப்பர்கள் வைத்திருந்தவர்

பொன்மலையில் இதுவரை பிறந்தவர்களிலும் இனிமேல் பிறக்கப் போகிறவர்களிலும் ஒரு காரியத்துக்கும் உதவாத மனிதர் யார் என்று போட்டி வைத்தால், பெஸ்ட்டு சார்தான் ஜெயிப்பார். ஜெயித்த கப்பை மேடையிலேயே விட்டுவிட்டு, பக்கத்தில் அதைவிட அழகாக இருக்கிற பூந்தொட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. நாங்கள் பொன்மலையில் குடியிருந்தபோது எதிர்வரிசையில் நாலு வீடு தள்ளி இருந்தார். ரயில்வேயில் ஸ்டோர் வேலை. யார் என்ன சாமான் கேட்டாலும், கேட்டதை மட்டும், கேட்ட அளவுக்கு மட்டும் எடுத்துக் கொடுக்க வேண்டும். பகலெல்லாம் அப்படி இருந்ததற்குப் பழிவாங்குவது மாதிரி, சாயங்காலம் சட்டையை மாற்றியதும் அவர் வாயிலிருந்து ஒரே கேள்விதான் வரும்: "இருக்கறதுலயே பெஸ்ட்டு எது?"

காந்தி மார்க்கெட்டுக்கு வெங்காயம் வாங்கப் போவார். பலாப்பழத்தோடு வருவார். "வெங்காயம் எங்க?" என்று அவர் மனைவி கேட்பது எங்கள் வீட்டு அடுப்படிக்குக் கேட்கும். "வெங்காயம் இன்னிக்கு சுமாரா இருந்துது. பலா பாரு, இருக்கறதுலயே பெஸ்ட்டு." மறுநாள் தெரு முழுக்கப் பலாச்சுளை வரும். அந்த வீட்டில் வெங்காயம் இல்லாத சாம்பார் கொதிக்கும்.

அவர் மகளின் வளைகாப்புக்கு வாழை இலை வாங்க ஜீயபுரம் போனார். திரும்பி வந்த குட்டியானை வண்டியில் ஒரு இலைகூட இல்லை. வண்டி நிறைய வாழைத்தார். "இலையெல்லாம் காத்துல கிழிஞ்சு கிடந்துது. தார் ஒவ்வொண்ணும் எப்படி இருந்துது தெரியுமா?" என்றார். வந்தவர்கள் எல்லாரும் காகிதத் தட்டில் சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டு, ஆளுக்கொரு சீப்புப் பழத்தோடு வீடு திரும்பினோம். தட்டு ஊறிப்போய் சாதத்தில் காகிதம் கலந்திருக்குமோ, என் பெண்ணுக்கு வயிறு கெடுமோ என்று நான் இரண்டு நாள் பயந்தேன்.

அந்த வளைகாப்பில்தான் வினையும் ஆரம்பித்தது. வளையல் தட்டு மேஜையிலிருந்து சரிந்தது. பெரியவர்கள் எல்லாரும் "ஐயோ" என்றோம். என் மகள் கயல் மட்டும் பாய்ந்து தரையில் விழுந்து தட்டைப் பிடித்தாள். ஒரு வளையல்கூட உடையவில்லை. இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. பிறந்ததிலிருந்து "கீழே போடாதே, கீழே போடாதே" என்று நான் போட்ட கத்தலில் வளர்ந்த குழந்தை அவள். எதையும் கீழே விடமாட்டாள். ஆனால் பெஸ்ட்டு சார் பாயசக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

இதற்குமேல் சொல்ல வேண்டுமானால் எங்கள் தெருக்களின் ஃபுட்பாலைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மே மாதமும் நாலு தெருப் பிள்ளைகளையும் கலந்து நாலு டீம் பிரிப்பார்கள். ஒவ்வொரு டீமும் மற்ற மூன்றோடும் இரண்டு தடவை ஆடும். டீமுக்கு ஒரு பெரியவர் பொறுப்பு. பெஸ்ட்டு சார் ஒருவர். போன வருஷத்துப் பிள்ளைகளில் இரண்டு பேரை மட்டும் அவரவர் வைத்துக்கொள்ளலாம். மற்ற பிள்ளைகள் மைதானத்துச் சுவரோரம் வரிசையாக நிற்பார்கள். சீட்டு குலுக்கிப் போட்டு, வந்த வரிசைப்படி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எடுப்பார்கள். கூப்பிடப்பட்ட பிள்ளை ஓடிப்போய் அவர் பின்னால் நிற்கும்.

கூப்பிடப்படாத பிள்ளை சுவரோரமே நிற்கும். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. வளைகாப்பு நடந்ததற்கு முந்தைய வருஷம் கடைசிவரை நின்றது கயல். "சரி, இந்தப் பாப்பா ஒப்புக்குச் சப்பாணியா யார்கூடயாவது இருக்கட்டும்" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். நான் தண்ணி பாட்டிலை வைத்துக்கொண்டு ஃபோனைப் பார்ப்பது மாதிரி நின்றேன். கயல் வீட்டுக்கு வந்து எப்போதும்போல் தோசை சாப்பிட்டாள். அழுதிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை.

அந்த ஒரு வருஷமும் அவள் அப்பாவின் பழைய பைக் கிளவுஸை மாட்டிக்கொண்டு, மாடியில் சுவரில் பந்தை அடித்து அடித்துப் பிடித்தாள். முழங்காலில் தோலே இல்லை. இந்த வருஷம் ஆட விடாவிட்டால் இவள் இனிமேல் பந்தையே தொடமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அதனால் மெடிக்கல் ஷாப் மணியிடம் போய்ப் பேசினேன். அவரும் ஒரு டீமுக்குப் பொறுப்பு. யோசித்துக் காரியம் செய்கிறவர். தேவைக்கு மேல் ஒரு மாத்திரைகூடக் கொடுக்கமாட்டார்.

"மேடம், எனக்கு ஃபார்வர்ட் இருக்கு, பேக் இருக்கு. கீப்பர் மட்டும்தான் இல்ல. பாப்பாவை நான் எடுத்துக்கறேன். எல்லா மேட்ச்சும் ஆடும். நிம்மதியாப் போங்க" என்றார்.

நிம்மதியாகப் போனேன். அவசரப்பட்டுக் கேட்டுவிட்டோமோ, தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று வழியில் கொஞ்சம் யோசித்தேனே தவிர, நிம்மதிதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை சீட்டில் முதல் இடம் பெஸ்ட்டு சாருக்கு விழுந்தது. எல்லாரும் டேவிட்டைப் பார்த்தார்கள். ஒன்பதாம் வகுப்பு, நல்ல உயரம், அடித்தால் பந்து வலையைக் கிழிக்கும். பெஸ்ட்டு சார் வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"கயல்விழி!"

மைதானம் முழுக்கச் சிரிப்பு. கயல் திரும்பித் தனக்குப் பின்னால் வேறு கயல்விழி நிற்கிறாளா என்று பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது. பிறகு ஓடினாள் பாருங்கள், ஒரு செருப்பு வழியிலேயே கழன்றுவிட்டது.

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. மணி என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொல்லும்வரைதான் அந்தக் குளிர்ச்சி. "மேடம், அவர் வெச்சிருக்கற ரெண்டு பசங்களும் யாரு தெரியுமா? ரெண்டு பேரும் கீப்பர்."

அடுத்த சுற்றுகளிலும் அவர் திருந்தவில்லை. கோல் போடத் தெரிந்த ஒரு பிள்ளையைக்கூட எடுக்கவில்லை. "மீதி இருந்த ஃபார்வர்ட் எல்லாம் சுமார்தாம்மா" என்றார், வெங்காயத்தைச் சொன்ன அதே குரலில். டேவிட்டை மணி எடுத்துக்கொண்டார்.

முதல் மேட்ச்சில் கயல் வெளியே உட்கார்ந்தாள். இரண்டாவதிலும் உட்கார்ந்தாள். மூன்றாவது மேட்ச்சுக்கு முன்னால் நான் போய்ச் சத்தம் போட்டேன்.

"சார், மூணு கீப்பர் எதுக்கு சார்? ஒரு கோலுக்கு ஒருத்தர்தானே நிக்க முடியும்?"

"கரெக்ட்தாம்மா. ஆனா மூணும் பெஸ்ட்டு. யாரை விடச் சொல்றீங்க?"

"விட வேணாம் சார். ஆட விடுங்க!"

அவர் யோசித்தார். அவர் யோசித்தால் ஆபத்து என்று எனக்கு அப்போது தெரியாது. ஒரு கீப்பரைக் கோலில் நிறுத்தினார். இன்னொரு கீப்பரையும் கயலையும் முன்னால் பேக்காக நிறுத்தினார்.

கீப்பராகவே வளர்ந்த பிள்ளை பந்து பறந்து வந்தால் என்ன செய்யும்? கையால் பிடிக்கும். முதலில் அந்தப் பையன் பிடித்தான். பெனால்டி. அடுத்து கயல் பாய்ந்து, மண்ணில் உருண்டு, மார்போடு அணைத்துப் பிடித்தாள். விசில் ஊதினார்கள். மறுபடி பெனால்டி. பெஸ்ட்டு சார் மட்டும் கோட்டுக்கு வெளியே குதித்துக் குதித்துக் கைதட்டினார். "பிடிச்சா பாருங்கய்யா! இருக்கறதுலயே பெஸ்ட்டு பிடி!"

"சார், அது ஃபவுல்!" என்றார் விசில் வைத்திருந்தவர்.

"ஃபவுல்தான். ஆனா என்ன பிடி!"

ஆறு கோல் வாங்கித் தோற்றார்கள். ஆறும் பெனால்டி. தெருவே வயிறு வலிக்கச் சிரித்தது. ஒருத்தன் என் குழந்தையைப் பார்த்து, "பாப்பா, வாலிபால் அந்தப் பக்கம்" என்றான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு நேராக பெஸ்ட்டு சார் வீட்டுக்குப் போனேன். கயலை வண்டியிலேயே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைத் தட்டினேன்.

அவர் மனைவிதான் கதவைத் திறந்தார். "வாம்மா. நீயும் புகார் சொல்லத்தான் வந்தியா? உக்காரு. எனக்கு அப்புறம்தான் உன் முறை."

"எப்படிக்கா இவரோட குடும்பம் நடத்துறீங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்டவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இவங்க வீட்ல சமைக்க ஆள் வேணும்னுதான் பொண்ணு தேடினாங்க. எனக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது. பாத்த அஞ்சாறு பொண்ணுங்கள்ல மத்த எல்லாருக்கும் சமைக்கத் தெரியும். இவர் என்னைத்தான் கட்டுவேன்னு நின்னார். எதுக்குன்னு கேட்டதுக்கு என்ன சொன்னார்னு உனக்கே தெரியும்." உள்ளே பார்த்துக் குரலை உயர்த்தினார். "அதோட சரி. அன்னிலேருந்து ஒரு நாளாவது கேட்ட சாமான் வீட்டுக்கு வந்திருக்கா?"

எனக்கு என் கல்யாணம் ஞாபகம் வந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு வேலைக்குப் போகிற, உள்ளூர்ப் பெண் தேவைப்பட்டது. நான் வேலைக்குப் போகிற உள்ளூர்ப் பெண். எல்லாம் பொருந்தியது. குறை ஒன்றும் இல்லை. அதை ஏன் அங்கே உட்கார்ந்து நினைத்தேன் என்று தெரியவில்லை.

பெஸ்ட்டு சார் துண்டோடு வந்தார். நான் மூச்சு விடாமல் பேசினேன். குழந்தை ஆட வேண்டும், மணிக்குக் கீப்பர் தேவை, உங்களுக்குத் தேவையில்லை, மாற்றிக்கொடுங்கள் என்றேன். உங்கள் பலாப்பழ ஆசைக்கு என் பெண்தான் கிடைத்தாளா என்றும் கேட்டேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. "சரிம்மா. மணிகிட்ட சொல்லிடறேன். பாப்பாவையும் ஒரு வார்த்தை கேட்டுக்கங்க."

ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டே கேட்டேன். "கயல், நாளைலேருந்து நீ மணி அங்கிள் டீம். சரியா?"

"வேணாம்மா."

"அங்க போனா எல்லா மேட்ச்சும் ஆடலாம்டி. இங்க உக்காந்துதானே இருக்க?"

 என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்: "மணி அங்கிளுக்குக் கீப்பர் வேணும்மா. பெஸ்ட்டு சாருக்கு நான் வேணும்."

எங்கள் வீட்டு வாசல் வந்ததுகூடத் தெரியாமல் தெருக்கோடிவரை வண்டியை ஓட்டினேன்.

கடைசி மேட்ச் மணி டீமோடு. அன்றைக்குக் கோலில் நிற்கிற முறை கயலுக்கு. மற்ற இரண்டு கீப்பர்களும் பேக். பந்து உயரமாக வந்தபோதெல்லாம் இரண்டு பேரும் மாறி மாறிக் கையால் பிடித்துவைத்தார்கள். பெனால்டி மேல் பெனால்டி. ஒவ்வொன்றையும் டேவிட் வந்து அடித்தான். ஒவ்வொரு முறையும் என் குழந்தை அந்த பைக் கிளவுஸோடு பறந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தேன். சத்தத்தை வைத்துத்தான் பிடித்துவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன். கடைசி ஒன்று மட்டும் விரல்நுனியில் பட்டு உள்ளே போனது. அவள் டீமில் கோல் போட யாருமே இல்லாததால் அதோடு தோற்றார்கள்.

அந்த முறை யாரும் சிரிக்கவில்லை. டேவிட்டே வந்து அவள் கையைக் குலுக்கினான்.

"பாத்தீங்களா மேடம்? எங்க டீம்ல இருந்திருந்தா கப்பு வாங்கியிருக்கும்" என்றார் மணி, கப்பைப் பிடித்துக்கொண்டே. அவர் சொன்னது முழுக்க நியாயம். அதனால் எனக்கு பெஸ்ட்டு சார்மேல் கோபம் இன்னும் ஏறியது. திரும்பிப் பார்த்தால் அவர் கயலின் இரண்டு கிளவுஸையும் கையில் ஏந்தி, பலாப்பழத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நாங்கள் கயலின் பள்ளிக்கூடத்துக்குப் பக்கம் என்று ஸ்ரீரங்கத்துக்குக் குடிவந்துவிட்டோம். விட்டது தொல்லை என்றிருந்தேன். இந்த மே மாதம் ஃபோன் வந்தது.

"அம்மா, ஆள் எடுத்தாச்சு. முதல் ஆள் பாப்பாதான்."

"சார், நாங்க இப்ப ஸ்ரீரங்கத்துல இருக்கோம்! காவிரியைத் தாண்டி, இந்த வெயில்ல, ரெண்டு பஸ் மாறி வரணும்!"

"அதைத்தான் எல்லாரும் சண்டை போட்டாங்க. வெளியாளை எடுக்கக் கூடாதுன்னாங்க. இருக்கறதுலயே பெஸ்ட்டுன்னா எங்க இருந்தா என்னன்னு கேட்டுட்டேன்."

"டீம்ல கீப்பர் எத்தனை பேர் சார்?"

குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பாப்பாவோட சேத்து நாலு."

ஃபோனை வைத்துவிட்டு அரைமணி நேரம் திட்டினேன். பொறுப்பில்லாதவர், ஊரார் பிள்ளையின் லீவைப் பாழாக்குகிறவர், பைத்தியம் என்று வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். என் கணவர் பேப்பரை மடித்துவைத்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போகப் போறியா என்ன?" என்றார்.

"எனக்கென்ன தலையெழுத்தா?" என்று அவர்மேலும் ஒரு முறை எரிந்து விழுந்துவிட்டு, மாடிக்குப் போனேன். காலையில் துவைத்துப் போட்ட கிளவுஸ் காய்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும்.